கரைசேர்ந்த கடிதங்கள்

1787 செப்டம்பர் கடைசி. ரஷ்யாவின் கிழக்கு விளிம்பில், கம்சாத்கா தீபகற்பத்தின் பெத்ரோபாவ்லோவ்ஸ்க் துறையில் 'பூசோல்', 'அஸ்த்ரோலாப்' என்ற இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் புறப்பட ஆயத்தமாக நிற்கின்றன. அவற்றின் தலைவர் லா பெரூஸ், 21 வயதேயான பார்த்தெலெமி த லெசெப்ஸிடம் ஒரு பெட்டியை ஒப்படைக்கிறார். மணிலாவிலிருந்து அங்கு வரும் வரை எழுதிய நாட்குறிப்பு, புதிதாக வரைந்த கடல் வரைபடங்கள், கப்பற்படை அமைச்சருக்கும் நண்பர்களுக்கும் எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. லெசெப்ஸ் பயணத்தில் சேர்க்கப்பட்டதே ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக. அந்தப் பெட்டியைச் சைபீரியா வழியாக, தரைமார்க்கமாகவே, பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள வெர்சாய் அரண்மனைக்குக் கொண்டுசேர்ப்பது அவர் பொறுப்பு.

அவர் கொண்டுசேர்த்தார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும், கலைமான் பூட்டிய வண்டியிலும், குதிரையிலும், ஆற்றுப் படகிலுமாக ஓராண்டுக்கு மேல் பயணம். ஒக்கோட்ஸ்க், யாகூட்ஸ்க், இர்குட்ஸ்க், பீட்டர்ஸ்பர்க் என்று ஊர் ஊராகத் தாண்டி, 1788 அக்டோபர் 17 அன்று வெர்சாய் வந்தார். (பின்னாளில் சூயஸ் கால்வாயை வெட்டிய ஃபெர்டினாண்ட் த லெசெப்ஸுக்கு இவர் பெரியப்பா முறை. நெடுந்தூரத்தை அஞ்சாத குடும்பம்.) அவர் வந்து சேர்ந்த அந்த நாளில், அவரை அனுப்பிவைத்த இரண்டு கப்பல்களும் ஏற்கனவே அழிந்துவிட்டிருந்தன. ஐரோப்பாவில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள இன்னும் 40 ஆண்டுகள் பிடித்தன.

லா பெரூஸைப் பற்றி எழுதுகிறவர்கள் கப்பல்கள் என்ன ஆயின என்ற மர்மத்தில்தான் மூழ்கிப்போகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு வேறொன்று. கப்பலும் கருவிகளும் மனிதர்களும் கடலுக்குள் போன பிறகும், அவர்கள் அளந்ததும் கண்டதும் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. 1797இல் நான்கு தொகுதிகளாகவும் ஒரு வரைபடத் தொகுப்பாகவும் அச்சேறின. அதற்குக் காரணம் துறைமுகம்தோறும் உட்கார்ந்து கடிதம் எழுதிய ஒரு மனிதரின் ஒழுங்கு.

ழான் பிரான்சுவா த கலோப், லா பெரூஸ் பிரபு, தென் பிரான்சின் ஆல்பி நகரை அடுத்த குடும்ப மாளிகையில் 1741 ஆகஸ்ட் 23 அன்று பிறந்தார். கடல் கண்ணுக்கெட்டாத உள்நாடு அது. 15 வயதில் பிரெஸ்ட் துறைமுகத்தில் கடற்படைப் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1759இல் கிபெரோன் விரிகுடாப் போரில் காயம்பட்டு ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அப்போது வயது 18. பிறகு 1770களில் சில ஆண்டுகள் மொரீஷியஸில், அன்றைய பெயரில் இல் த பிரான்ஸில், பணி. அங்கிருந்து இந்தியக் கடலுக்கும் கப்பல் செலுத்தி வந்தார். மலபார் கரையில் இருந்த, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அடங்கிய மாஹேயைக் காக்கும் வேலையும் அவருக்கு வாய்த்தது.

மொரீஷியஸில்தான் எலியனோர் புரூடூவைச் சந்தித்தார். பிரபு குலத்தவள் அல்லாத, தீவில் வாழ்ந்த பெண். ஆல்பியில் இருந்த தந்தை இதை ஒப்பவில்லை. மகனுக்குக் கண்டித்து எழுதினார். ஆண்டுகள் போயின, போர் வந்தது, போர் முடிந்தது. வீட்டில் வேறு பெண் பார்த்து நிச்சயம் செய்துவிட்டார்கள். லா பெரூஸ் முதலில் தலையாட்டியவர்தான். ஆனால் பாரிஸில் எலியனோரை மறுபடி கண்டதும், பேசிவைத்த பெண்ணின் தாய்க்கே நேராகக் கடிதம் எழுதிவிட்டார்: என் மனம் எலியனோரிடம் இருக்கிறது, அதை மறைத்து உங்கள் மகளை மணந்தால் அது அவளுக்குச் செய்யும் துரோகம் என்ற பொருளில். 1783இல் எலியனோரை மணந்தார். கடற்படை அதிகாரி மணம் செய்ய அரசரின் அனுமதி வேண்டும். அதையும் கேட்காமல் மணந்துவிட்டு, அமைச்சர் காஸ்த்ரிக்கு எழுதிப் பொறுத்துக்கொள்ளக் கேட்டார். பொறுத்துக்கொண்டார்கள்.

இந்த மனிதரின் குணத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1782இல், பிரிட்டனுடன் நடந்த போரின்போது, கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் ஆங்கிலேயரின் இரண்டு கோட்டைகளை அவர் பிடித்தார். இடித்துத் தீயிட்டார். ஆனால் காட்டுக்குள் ஓடி ஒளிந்த ஆங்கிலேயர் குளிர்காலத்தில் பட்டினியால் சாகக் கூடாதென்று உணவும் ஆயுதமும் அவர்களுக்காக விட்டுவந்தார். கோட்டைத் தலைவர் சாமுவேல் ஹெர்ன் வட துருவப் பெருங்கடல் வரை நடந்து எழுதிய பயணக் குறிப்புகள் லா பெரூஸ் கைக்குக் கிடைத்தன. பறிமுதல் செய்ய உரிமை இருந்தும், கட்டாயம் அச்சிட வேண்டும் என்ற வாக்குறுதியோடு ஹெர்னிடமே திருப்பிக் கொடுத்தார். நூல் 1795இல் வெளிவந்தது. கையெழுத்துப் பிரதியின் மதிப்பு தெரிந்த தளபதி.

1785இல் பதினாறாம் லூயி மன்னர், ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் விட்டுச்சென்ற இடங்களை நிரப்பும் ஒரு பசிபிக் பயணத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. ஆகஸ்ட் 1 அன்று பிரெஸ்டிலிருந்து சுமார் 220 பேர் புறப்பட்டார்கள். 'அஸ்த்ரோலாப்'புக்குத் தலைவர் நண்பர் ஃப்ளூரியோ த லாங்கிள். வானியலர் தாஜெலே, இயற்பியலும் பாறையியலும் அறிந்த லாமனோன், தாவரவியலர், பொறியாளர், ஓவியர் என்று ஒரு சிறு கல்விக்கழகமே கப்பலில் இருந்தது. லண்டனில் இயற்கையியலர் ஜோசப் பேங்க்ஸ், குக்கின் பயணத்தில் பயன்பட்ட இரண்டு காந்த ஊசிகளைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு இரவல் தந்தார். பகை நாடுகளுக்கிடையே அறிவியல் இப்படியும் நடந்தது.

நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய கேள்வி. வடக்கு தெற்கு நிலையை நண்பகல் சூரியனின் உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்கு நிலையான தீர்க்கரேகைதான் சிக்கல். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கப்பல் நிற்கும் இடத்தின் நேரமும் அதே கணத்தில் பாரிஸின் நேரமும் தெரிந்தால், வித்தியாசத்தை 15ஆல் பெருக்கத் தீர்க்கரேகை கிடைத்துவிடும். பாரிஸ் நேரத்தைச் சுமந்துசெல்ல, பெர்தூ செய்த கடற்கடிகாரங்கள் கப்பலில் இருந்தன. ஆனால் கடிகாரம் ஒரு நிமிடம் தவறினாலும் நிலநடுக்கோட்டில் 28 கி.மீ. பிழை வரும். ஆகவே வானத்தையே இரண்டாம் கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். நிலா விண்மீன்களுக்கிடையே மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகை நகர்கிறது. நிலாவுக்கும் ஒரு குறிப்பிட்ட விண்மீனுக்கும் உள்ள கோணத்தை அளந்து, முன்கூட்டியே அச்சிட்ட அட்டவணையோடு ஒப்பிட்டால் பாரிஸ் நேரம் தெரியும். ஆடும் தளத்தில் நின்றுகொண்டு அந்தக் கோணத்தை அளந்து, பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு, கடிகாரத்தைச் சரிபார்ப்பது தாஜெலேயின் வேலை. ஸ்பானிய வரைபடங்கள் ஹவாய்க்குக் கிழக்கே காட்டிய தீவுக்கூட்டம் ஒன்றைத் தேடிப்போய், அங்கே வெறும் கடல் இருப்பதைக் கண்டு வரைபடத்திலிருந்து நீக்கினார்கள். பழைய மாலுமிகளின் தீர்க்கரேகைப் பிழையால் பிறந்த தீவுகள் அவை என்று லா பெரூஸ் கருதினார். இல்லாத தீவை அழிப்பதும் புதிய தீவைக் கண்டுபிடிப்பதற்கு நிகரான பணி. இருட்டில் வரும் அடுத்த கப்பலின் வழி அதனால் தெளிவாகிறது.

1786 மே மாதம் ஹவாயின் மௌயி தீவில் கால்வைத்தார். அங்கு இறங்கியதாகப் பதிவுள்ள முதல் ஐரோப்பியர் அவர். வழக்கப்படி தன் அரசர் பெயரில் தீவை உரிமை கொண்டாட அவர் மறுத்தார். மனிதர் வாழ்ந்து உழுது வரும் நிலத்தை, துப்பாக்கி கையில் இருப்பதாலேயே தனதென்று சொல்லும் வழக்கம் நகைப்புக்குரியது என்று எழுதிவைத்தார். செப்டம்பரில் கலிபோர்னியாவின் மான்டெரியில் ஸ்பானியப் பாதிரியார்கள் நல்ல விருந்தோம்பல் செய்தார்கள். ஆனால் அங்கே பழங்குடியினரை நடத்திய முறை கரீபியன் அடிமைத் தோட்டங்களை நினைவூட்டியது என்று அவர் பதிவு செய்யத் தயங்கவில்லை.

அவற்றுக்கு நடுவே அலாஸ்காவில் முதல் பேரிடி. இன்று லிட்டுயா எனப்படும் விரிகுடா சுமார் 14 கி.மீ. நீளமானது, கடலுக்குத் திறக்கும் வாயோ சில நூறு மீட்டர்தான். குறுகிய கழுத்துள்ள குடத்தைக் கவிழ்ப்பதுபோல, வற்றம் வரும்போது விரிகுடாவிலிருந்து வடியும் நீர் முழுவதும் அந்த இடுக்கு வழியே வெளியேற வேண்டும். நீரோட்டம் மணிக்கு 20 கி.மீ. வேகத்தை நெருங்கும்; வெளியிலிருந்து வரும் அலையோடு மோதிச் சுவராக எழும். 1786 ஜூலை 13 அன்று ஆழம் பார்க்கப் படகுகள் போயின. நீர் குமுறினால் வாய்ப்பக்கம் போகாதே என்று லா பெரூஸ் படகுகளுக்குத் தலைமை தாங்கிய அதிகாரிக்கு எழுத்திலேயே கட்டளை கொடுத்திருந்தார். இரண்டு படகுகள் கவிழ்ந்து 21 பேர் மாண்டார்கள். ஒரு படகு மற்றதைக் காப்பாற்றப் போய்க் கவிழ்ந்தது. அதில் சகோதரர் இருவர். அந்த எழுத்துக் கட்டளையை லா பெரூஸ் தன் நாட்குறிப்பில் அப்படியே சேர்த்திருக்கிறார். இறந்தவர்களைக் குறைசொல்ல அதைச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு என்ன நடந்தது என்பது முழுமையாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணமே அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

பயணத்தின் மிக அழகான பகுதி சகாலினில் நடந்தது. ஆசியக் கரைக்கு அப்பால் இருக்கும் அந்த நீண்ட நிலம் தீவா, தீபகற்பமா என்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. 1787 ஜூலையில் கரையிறங்கிய லா பெரூஸ், அங்கு வாழ்ந்த மக்களிடம் சைகையால் கேட்டார். ஒரு முதியவர் ஈட்டி முனையால் தரையில் ஆசியக் கரையை வரைந்தார். எதிரே ஒரு தீவை வரைந்து, மார்பில் கைவைத்து, இது என் நாடு என்று காட்டினார். நடுவே இடைவெளி விட்டு, அதில் கப்பல் போகலாம் என்பதையும் உணர்த்தினார். மண்ணில் வரைந்தது அழிவதைப் பார்த்த மற்றொருவர் காகிதத்தையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டார். அதே படத்தைக் காகிதத்தில் வரைந்து, அமூர் ஆற்றின் வாய்க்குப் படகில் ஏழு நாள் என்பதற்கு ஏழு கோடுகளும் இட்டார். லா பெரூஸ் வடக்கே போய்ப் பார்த்தார். கடல் வரவர ஆழம் குறைந்தது; பெரிய கப்பலுக்கு வழியில்லை என்று திரும்பினார். பின்னால் வந்த ஐரோப்பியர்களும் பாதியில் திரும்பி, அது தீபகற்பம்தான் என்ற முடிவுக்கே சாய்ந்தார்கள். 1809இல் ஜப்பானின் மாமியா ரின்சோ அந்த நீரிணையைக் கடந்தார். 1849இல் ரஷ்யாவின் நெவல்ஸ்காய் அதில் கப்பலே செலுத்தினார். மண்ணில் வரைந்த அந்த முதியவர் சொன்னதுதான் சரி. அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. வரைந்த செய்தி லெசெப்ஸ் சுமந்த பெட்டியில் இருந்தது. சகாலினுக்கும் ஹொக்கைடோவுக்கும் நடுவே உள்ள நீரிணை இன்றும் லா பெரூஸ் பெயரில்தான் இருக்கிறது.

கம்சாத்காவில் லா பெரூஸுக்குப் பதவி உயர்வும் புதிய கட்டளையும் காத்திருந்தன: ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் அமைக்கும் குடியேற்றத்தைப் பார்த்துவரவும். தெற்கே இறங்கும் வழியில் சமோவாவின் டுட்டுயிலா தீவு. அங்கே டிசம்பர் 11 அன்று த லாங்கிள், லாமனோன் உட்பட 12 பேர் கொல்லப்பட்டார்கள். காரணத்தைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. கப்பலில் தேவைக்குத் தண்ணீர் இருந்தது. ஆனால் புதிய தண்ணீர் குடித்தால் ஸ்கர்வி நோய் வராது என்று த லாங்கிள் உறுதியாக நம்பினார். லா பெரூஸ் தடுத்தும் கேட்காமல் படகுகளோடு ஒரு சிறு குடாவுக்குள் போனார். கடல் வற்றிப் படகுகள் தரைதட்டின, கூட்டம் பெருகியது, கல்வீச்சு தொடங்கியது. ஸ்கர்விக்கும் தண்ணீருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது வைட்டமின் சி குறைவால் வருவது. எலுமிச்சையும் ஆரஞ்சும் அதைக் குணமாக்குவதைப் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747இலேயே கப்பலில் சோதித்துக் காட்டியிருந்தார். ஆனால் ஏன் என்பது விளங்காததால் நல்ல தண்ணீர், மால்ட் கஷாயம், ஊறவைத்த முட்டைக்கோஸ் எல்லாம் ஒரே வரிசையில் மருந்தாக நின்றன. பிழையான ஒரு மருத்துவக் கருத்து 12 உயிர்களைக் குடித்தது. லா பெரூஸ் பழிவாங்காமல் பாய் விரித்துப் போனார்.

1788 ஜனவரி கடைசியில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவை அடைந்தபோது, அங்கே வந்திறங்கிய ஆங்கிலேயக் குடியேறிகள் சற்று வடக்கே, இன்றைய சிட்னி துறைக்கு இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். ஆறு வாரம் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தங்கினார்கள். பிப்ரவரி 7 தேதியிட்டு லா பெரூஸ் எழுதிய கடிதங்கள்தான் கடைசி. ஒரு நண்பருக்கு, தன் பல்லும் முடியும் போய்விட்டன, பார்ப்பவர்கள் தாத்தா என்று நினைப்பார்கள் என்று எழுதினார். அப்போது வயது 46. அமைச்சருக்கு எழுதியதில் அடுத்த வழியைத் துல்லியமாகச் சொன்னார்: டோங்கா, நியூ கலிடோனியா, சாண்டா குரூஸ் தீவுகள், நியூ கினி, பிறகு ஆஸ்திரேலியாவைச் சுற்றி டிசம்பர் 1788இல் மொரீஷியஸ். நாட்குறிப்பையும் கடிதங்களையும் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டு மார்ச் 10 அன்று புறப்பட்டார். போர்களில் தன்னோடு மோதியவர்களின் கப்பலில் அந்தக் கட்டு ஏறியது. 1789இல் பத்திரமாக ஐரோப்பா வந்தது.

இரண்டு கப்பல்களும் வரவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் நடுவிலும் 1791இல் தேசிய சட்டமன்றம் தேடுதல் பயணத்துக்கு ஒப்புதல் தந்தது. சென்றவர் தளபதி தாந்த்ரகாஸ்தோ. கேப் டவுனில் ஒரு வதந்தி அவர் காதுக்கு எட்டியது: நியூ கினிக்கு வடக்கே அட்மிரால்டி தீவுவாசிகள் பிரெஞ்சுச் சீருடை அணிந்திருக்கிறார்களாம். அதை நம்பி அங்கே போனார், ஒன்றும் இல்லை. லா பெரூஸின் கடிதம் சொன்ன சாண்டா குரூஸ் தீவுகளுக்கு 1793 மே மாதம்தான் வந்தார். தூரத்தில் ஒரு தீவைக் கண்டு, தன் கப்பலின் பெயரை அதற்கு வைத்துவிட்டு, இறங்காமல் போனார். இரண்டு மாதத்தில் ஸ்கர்வியால் அவரும் இறந்தார். அந்தத் தீவுதான் வனிக்கோரோ. லா பெரூஸின் கப்பல்கள் உடைந்தது அதன் பவளப்பாறையில்தான்.

உண்மையை வெளிக்கொண்டுவந்ததில் ஓர் இந்தியக் கடலோடிக்கும் பங்கு உண்டு. 1826இல் பீட்டர் டில்லன் என்ற ஐரிஷ் வணிகக் கப்பல் தலைவர் டிக்கோபியா தீவில் நின்றபோது, அங்கே பல ஆண்டுகளாக வாழ்ந்துவந்த ஜோ என்ற லஸ்கர் (இந்திய மாலுமி), ஒரு வாளின் வெள்ளிக் கைப்பிடிக் காப்பைக் கப்பல்காரர்களுக்கு விற்றார். அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது வனிக்கோரோவின் பெயர் வந்தது. டில்லன் கல்கத்தா போய், கிழக்கிந்தியக் கம்பெனியிடம் 'ரிசர்ச்' என்ற கப்பலைப் பெற்று, 1827இல் வனிக்கோரோவை அடைந்தார். தீவினர் சொன்னது இது: புயல் இரவில் இரண்டு கப்பல்கள் பாறையில் மோதின, பிழைத்தவர்கள் மரங்களை வெட்டிச் சிறு கலம் கட்டிச் சில மாதங்களில் போய்விட்டார்கள், இருவர் தங்கினார்கள், அவர்களில் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்தான் இறந்தார். இது சரியென்றால், தாந்த்ரகாஸ்தோ கடந்து போன அன்று தீவில் ஒரு பிரெஞ்சுக்காரராவது உயிரோடு இருந்திருக்கிறார். சிறு கலத்தில் போனவர்களைப் பற்றி இன்றுவரை ஒரு தடயமும் இல்லை.

டில்லன் கொண்டுவந்த மணி, பீரங்கி, லில்லி மலர் செதுக்கிய பலகை முதலியவற்றைப் பாரிஸில் அடையாளம் காட்டியவர் லெசெப்ஸ். எலியனோர் அதைக் கேட்க இல்லை, 1807இலேயே இறந்துவிட்டார். 1797இல் அச்சான நூலின் வருவாயை அரசு அவருக்குத்தான் ஒதுக்கியிருந்தது. கணவரின் கடிதங்கள் மனைவிக்குச் சோறு போட்டன.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முக்குளிப்பவர்கள் இரு கப்பல்களின் சிதைவையும் கண்டார்கள். 2003இல் ஒரு முழு எலும்புக்கூடு கிடைத்தது. 2005இல் கிடைத்த ஒரு கோணமானியில் செய்தவர் பெயர் பொறித்திருந்தது. கப்பலேற்றிய கருவிகளின் பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, அந்தச் சிதைவு 'பூசோல்' என்று முடிவு செய்தார்கள். பட்டியல் எழுதிவைத்த எழுத்தர் யாரோ, அவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். எலும்புக்கூட்டுக்குரிய மனிதரை, யாரென்று தெரியாமலேயே, 2011இல் பிரெஸ்டில் அடக்கம் செய்தார்கள்.

கடைசிக் கடிதங்கள் எழுதப்பட்ட இடம் இன்று சிட்னியின் ஒரு புறநகர். பெயரும் லா பெரூஸ். பயணத்தின் துறவி-அறிவியலர் ரெசெவர் அங்கே இறந்து புதைக்கப்பட்ட கல்லறையும், 1825இல் பிரெஞ்சுக்காரர்கள் அடிக்கல் நாட்டிய நினைவுத்தூணும் இருக்கின்றன. 1876இல் நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த முதல் கடலடித் தந்திக் கம்பி கரையேறியதும் அதே இடத்தில்தான். பழைய தந்தி நிலையக் கட்டிடத்தில் ஓர் அருங்காட்சியகமும் நடக்கிறது. சிட்னிக்குப் போகும் வாசகர்கள் அரை நாள் ஒதுக்கி அங்கே போய்வாருங்கள். நகரப் பேருந்தே அதுவரை போகிறது.